அவளுடைய சர்டிபிகேட்டை முதலில் திருப்பிக் கொடுங்கள்

கேள்வி:

ஐயா, எனக்கு 54 வயது. தூத்துக்குடி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறேன். கணவர் இறந்து ஒன்பது வருடம் ஆகிறது. எங்கள் சபையைச் சேர்ந்த ஒரு பெண் ஆறு வருடமாக என் கடையில் கல்லாவில் இருந்தாள். வருடக் கடைசியில் ஸ்டாக் எடுத்தபோது கணக்கு இடித்தது. பார்த்தால், பணத்தை வாங்கிக்கொண்டு பில்லை கேன்சல் செய்திருக்கிறாள். எட்டு மாதத்தில் 74,000 ரூபாய். கேட்டதும் அழுதுகொண்டே ஒத்துக்கொண்டாள். அப்பாவுக்கு டயாலிசிஸ், அதோடு மகளிர் குழுக் கடன் என்கிறாள். அவளுடைய கடைசி மாதச் சம்பளத்தை நான் கொடுக்கவில்லை. வேலைக்குச் சேரும்போது வாங்கி வைத்த ஒரிஜினல் சர்டிபிகேட்டுகளும் என்னிடம்தான் இருக்கின்றன. என் மகன் அவள் வீட்டுக்கே போய், தெருவே கேட்கச் சத்தம் போட்டு, ஸ்கூட்டி சாவியைப் பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டான். போலீசில் கொடுக்க வேண்டும் என்கிறான். சபை நடுவில் நிறுத்தி மன்னிப்புக் கேட்க வைக்க வேண்டும் என்கிறார் என் அண்ணன். பெண்கள் ஐக்கிய சங்கத்திலோ, "நீங்க விசுவாசி, மன்னிச்சு விட்டுருங்க" என்கிறார்கள். மகள் மாதிரி வைத்திருந்தேன் ஐயா. ஆத்திரம் அடங்கவில்லை. இரண்டு மாதமாக நற்கருணை எடுக்கவில்லை. இரக்கம் காட்ட முடியாவிட்டால் நான் கிறிஸ்தவளே இல்லையா?

- பெயர் வெளியிட விரும்பாத வாசகி

பதில்:

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். இரண்டு மாதமாக நற்கருணைக்குப் போகவில்லை என்று எழுதியிருக்கிறீர்கள் பாருங்கள், அதுதான் என்னை நிறுத்திய இடம். ஆத்திரத்தை உள்ளே வைத்துக்கொண்டே கை நீட்டி அப்பத்தை வாங்கிவிட்டு வருகிறவர்கள் எல்லாச் சபையிலும் உண்டு. நீங்கள் அப்படிச் செய்யவில்லை. உங்கள் விசுவாசம் உயிரோடு இருக்கிறது என்பதற்கு எனக்கு வேறு சாட்சி வேண்டாம்.

முதலில் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். உங்களுக்கு நடந்தது அநியாயம். 74,000 ரூபாய் ஒரு சிறிய ஊர் ஜவுளிக்கடைக்குச் சின்னத் தொகை இல்லை. பணத்தைவிட, ஆறு வருடம் கல்லாச் சாவியைக் கையில் கொடுத்து வைத்த நம்பிக்கை போனதுதான் உங்களுக்கு வலிக்கிறது. சங்கத்து அம்மாமார் "விட்டுருங்க" என்று சொல்வது நல்ல மனதோடுதான். ஆனால் அவர்கள் விடச் சொல்வது உங்கள் பணத்தை. ஊரார் வீட்டு நெய்யே, என் பெண்டாட்டி கையே என்பார்களே, அந்தக் கதைதான். இரக்கம் என்பது காட்டுகிறவருக்குச் செலவு வைக்கும் காரியம். செலவு யாருடையதோ, தீர்மானமும் அவருடையதாக இருக்க வேண்டும். அவர்கள் உங்களை அவசரப்படுத்தினால், "ஜெபம் பண்ணுங்க" என்று சொல்லிவிட்டு நகர்ந்துகொள்ளுங்கள்.

இரக்கமில்லாத ஊழியக்காரனின் உவமையை நாம் எல்லாரும் ஞாயிறு பள்ளியிலேயே படித்தோம். மத்தேயு 18. ராஜாவிடம் பதினாயிரம் தாலந்து கடன்பட்டவன் மன்னிப்புப் பெற்று வெளியே வருகிறான். தன்னிடம் நூறு வெள்ளிப்பணம் கடன்பட்ட உடன்வேலைக்காரனைக் கண்டு தொண்டையை நெரிக்கிறான். பிரசங்கம் பண்ணுகிற எங்களில் பலர் அந்த நூறு வெள்ளிப்பணத்தை 'அற்பக் கடன்' என்று சொல்லிவிட்டுப் போய்விடுவோம். நானும் பல வருடம் அப்படித்தான் சொல்லியிருக்கிறேன். அது தவறு. ஒரு வெள்ளிப்பணம் அந்தக் காலத்தில் ஒரு கூலிக்காரனின் ஒரு நாள் கூலி. நூறு வெள்ளிப்பணம் என்றால் நூறு நாள் உழைப்பு. இன்றைக்குக் கையாள் கூலி 700 ரூபாய் என்று வைத்துக்கொண்டால் 70,000 ரூபாய் வருகிறது. ஏறக்குறைய உங்கள் கல்லாவில் குறைந்த அதே தொகை. ஆண்டவர் அதை அற்பம் என்று எங்கேயும் சொல்லவில்லை. உங்களுக்கு நஷ்டமே இல்லை என்றும் அவர் சொல்லமாட்டார்.

அந்தப் பக்கம் இருக்கிற கணக்கையும் போட்டுப் பாருங்கள். நீங்கள் வியாபாரி, எண் உங்களுக்குப் புரியும். ஒரு தாலந்து சுமார் ஆறாயிரம் வெள்ளிப்பணம். பதினாயிரம் தாலந்து என்றால் ஆறு கோடி நாள் கூலி. வருடத்துக்கு 300 நாள் வேலை பார்த்தாலும் இரண்டு லட்சம் வருடம் உழைக்க வேண்டும். அதே 700 ரூபாய்க் கூலியில் 4,200 கோடி ரூபாய். எந்த மனிதனும் அடைக்க முடியாத கடன், ராஜா ஒரே வார்த்தையில் விட்டுவிடுகிறார். பெரிய கடன் மன்னிக்கப்பட்டவன் இன்னொருவனின் தொண்டையில் வைத்த கையை எடுக்க வேண்டும். அந்த உவமை நம்மிடம் கேட்பது அதுதான். கணக்குப் புத்தகத்தைக் கிழித்துப்போடு என்று அது கேட்கவில்லை. இந்த வித்தியாசம் உங்கள் விஷயத்தில் ரொம்ப முக்கியம்.

அதனால்தான் நீங்கள் கேட்ட கேள்விகளுக்கு முன்னால், நீங்கள் கேட்காத ஒன்றுக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் போகிறபோக்கில் மூன்று விஷயம் எழுதியிருக்கிறீர்கள். சர்டிபிகேட்டுகள் உங்களிடம் இருக்கின்றன. கடைசி மாதச் சம்பளம் உங்களிடம் இருக்கிறது. ஸ்கூட்டி சாவி உங்கள் மகனிடம் இருக்கிறது.

இதில் எனக்கு மென்று விழுங்கிச் சொல்லத் தெரியவில்லை அம்மா. இந்த மூன்றும்தான் அவள் தொண்டையில் இருக்கும் கை.

மோசேயின் பிரமாணம் அடகு வாங்குவதைத் தடை செய்யவில்லை. ஆனால் அதற்கு எல்லை போட்டது. உபாகமம் 24-ஐ எடுத்துப் படியுங்கள். திரிகைக் கல்லை அடகு வாங்கக்கூடாது, அது ஒருவனுடைய ஜீவனையே அடகு வாங்குவதுபோலாகும் என்று சொல்கிறது. மாவரைக்கிற கல் போனால் அந்த வீட்டில் அன்றைக்கு அப்பம் இல்லை, அதனால். ஏழையின் போர்வையை அடகாக வாங்கியிருந்தால் பொழுது போகுமுன் கொடுத்துவிடு, அவன் எதைப் போர்த்திப் படுப்பான் என்று யாத்திராகமம் 22 கேட்கிறது. படித்த பிள்ளைக்கு சர்டிபிகேட்தான் திரிகைக் கல். அது இல்லாமல் அவள் இன்னொரு கடையிலோ ஆஸ்பத்திரியிலோ வேலைக்குப் போக முடியாது. வேலைக்குப் போகாமல் உங்கள் 74,000-ஐ எதை வைத்துத் திருப்பித் தருவாள்? அந்த ஸ்கூட்டியில்தான் அவள் அப்பாவை டயாலிசிஸுக்குக் கூட்டிப்போகிறாளா என்று யாராவது கேட்டீர்களா? டயாலிசிஸ் என்றால் பெரும்பாலும் வாரத்துக்கு இரண்டு மூன்று தடவை. ஆட்டோவுக்கே எவ்வளவு ஆகும் என்று உங்களுக்குத் தெரியும்.

அதே உபாகமம் 24-ல், கடன் கொடுத்தவன் அடகை வாங்க வாங்கினவனின் வீட்டுக்குள் நுழையக்கூடாது, வெளியே நிற்க வேண்டும், அவனே எடுத்துக்கொண்டு வந்து கொடுக்கட்டும் என்று ஒரு சட்டம் இருக்கிறது. கடன்பட்டவனாயிருந்தாலும் அவன் வாசற்படி அவனுடையது. உங்கள் மகன் தெருவே கேட்கச் சத்தம் போட்டான் என்று படித்தபோது எனக்கு இந்த வசனம்தான் நினைவுக்கு வந்தது. தம்பியின் கோபம் எனக்குப் புரிகிறது. தகப்பன் உண்டாக்கிய கடை. தாய் அழுவதைப் பார்க்கிற பிள்ளை. ஆனாலும் அந்தப் படியை அவன் தாண்டியிருக்கக் கூடாது.

சம்பளம் வேறு, திருடிய பணம் வேறு. அந்த மாதம் அவள் வேலை பார்த்தாள். கூலிக்காரனுடைய கூலி விடியற்காலம் வரைக்கும் உன்னிடத்தில் இருக்கலாகாது என்று லேவியராகமம் 19 சொல்கிறது. அவன் நல்லவனாயிருந்தால் மட்டும் என்று அங்கே இல்லை. சம்பளத்தைப் பிடித்துவைப்பது பற்றிச் சட்டம் என்ன சொல்கிறது என்பதை ஒரு வக்கீலிடமும் கேட்டுக்கொள்ளுங்கள்.

நற்கருணை பற்றி நீங்கள் கேட்டதற்கு இங்கேதான் பதில் இருக்கிறது. பலிபீடத்தண்டையில் காணிக்கையை வைத்துவிட்டுப் போய் ஒப்புரவாகு என்கிற மத்தேயு 5-ஐ மனதில் வைத்துத்தான் நீங்கள் விலகி நிற்கிறீர்கள் என்று நினைக்கிறேன். அந்த வசனத்தைத் திரும்ப ஒரு தடவை மெதுவாகப் படியுங்கள். "உன் சகோதரன்பேரில் உனக்குக் குறை உண்டென்று" என்றா இருக்கிறது? இல்லை. "உன்பேரில் உன் சகோதரனுக்குக் குறை உண்டென்று" நினைவுகூர்ந்தால் என்று இருக்கிறது. அவளுக்கு உங்கள் பேரில் குறை இருக்கிறது அம்மா. பெரிய குற்றம் அவளுடையதுதான், அதில் சந்தேகமே இல்லை. ஆனால் பேரேட்டில் உங்கள் பெயருக்கு நேரேயும் மூன்று வரி இருக்கிறது. அந்த மூன்றையும் இந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் அடைத்துவிடுங்கள். பிறகு போய் நற்கருணை எடுங்கள். கோபம் முழுக்கத் தீரட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

கோபம் தீராமல் எப்படி இரக்கம் காட்டுவது என்று கேட்பீர்கள். நம்முடைய தமிழ் வேதாகமத்தில் ஒரு அழகான சொல் இருக்கிறது: 'இரக்கஞ்செய்'. நல்ல சமாரியன் கதையின் முடிவில், கள்ளரிடம் அடிபட்டுக் கிடந்தவனுக்கு யார் பிறனாயிருந்தான், அதாவது அயலானாயிருந்தான், என்று ஆண்டவர் கேட்கிறார். "அவனுக்கு இரக்கஞ்செய்தவனே" என்று வேதபண்டிதன் பதில் சொல்கிறான். "நீயும் போய் அந்தப்படியே செய்" என்கிறார் ஆண்டவர். இரக்கம் செய்கிற காரியம். அந்தச் சமாரியன் மனதுருகினான் என்பதோடு கதை நிற்கவில்லை. கிட்ட வந்தான், எண்ணெயும் திராட்சரசமும் வார்த்தான், காயம் கட்டினான், தான் இறங்கிக்கொண்டு அவனைத் தன் மிருகத்தின்மேல் ஏற்றினான், சத்திரக்காரன் கையில் இரண்டு பணம் கொடுத்தான். இரங்கினவன் இறங்கினான் என்று எங்கள் பழைய உபதேசியார் ஒருவர் சொல்வார். வல்லின றகரத்தையும் இடையின ரகரத்தையும் அவர் அழுத்தி உச்சரிப்பது இன்னும் காதில் இருக்கிறது. மனம் கொதித்துக்கொண்டிருக்கும்போதே கை ஒரு சர்டிபிகேட்டை எடுத்துக் கொடுக்க முடியும். பல நேரம் கை முந்திப்போகும், மனம் மெதுவாகப் பின்னால் வரும்.

அந்தச் சமாரியனிடம் இன்னொன்றையும் பாருங்கள். அவன் அடிபட்டவனைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போகவில்லை. சத்திரத்தில் ஏற்பாடு பண்ணினான், மிச்சச் செலவைத் திரும்பி வரும்போது தருவதாகச் சொன்னான், மறுநாள் தன் பிரயாணத்தைத் தொடர்ந்தான். இரக்கத்துக்கு ஏற்பாடும் உண்டு, எல்லையும் உண்டு.

சரி, இனி நீங்கள் கேட்டவற்றுக்கு வருகிறேன்.

சபை நடுவில் மன்னிப்புக் கேட்க வைப்பது. வேண்டாம். உங்கள் அண்ணன் மேல் எனக்கு மரியாதை உண்டு, ஆனால் இதில் நான் அசையமாட்டேன். ஏனென்றால் அதை நானே ஒரு தடவை செய்திருக்கிறேன்.

நான் ஆயராக அபிஷேகம் பெற்று மூன்றாவது வருடம். ஒரு கிராமச் சபையில் காணிக்கைப் பையிலிருந்து பணம் குறைந்துகொண்டே வந்தது. ஒரு பையனைக் கையும் களவுமாகப் பிடித்தார்கள். எட்டாம் வகுப்புப் படிக்கிற பிள்ளை. சபை ஒழுங்கு என்று சொல்லி, ஞாயிறு ஆராதனையில் முன்னால் நிற்க வைத்து மன்னிப்புக் கேட்கச் சொன்னேன். அவனிடம் இருந்த நல்ல சட்டை பள்ளிக்கூடச் சட்டைதான், அதைப் போட்டுக்கொண்டு வந்திருந்தான். மூன்றாவது பொத்தான் இல்லாத இடத்தில் ஊக்கு குத்தியிருந்தது. அவன் பேசியது யாருக்கும் கேட்கவில்லை. "சத்தமாச் சொல்லு" என்று பின்னாலிருந்து ஒருவர் சொன்னார். நானும் "சத்தமாகச் சொல்லு தம்பி" என்றேன். பெண்கள் பக்கத்து வாசல் வழியாக அவன் அம்மா அவனைக் கூட்டிக்கொண்டு போனாள். செருப்பைக் காலில் போடாமல் கையில் பிடித்துக்கொண்டே போனாள்.

சாயங்காலம் அவர்கள் வீட்டுக்குப் போனேன். எங்கள் பக்கத்தில் சபை ஆயர் ஒரு வீட்டுக்கு வந்தால், பக்கத்து வீட்டில் இரவல் வாங்கியாவது ஒரு நாற்காலி போடுவார்கள். அன்றைக்கு நாற்காலி வரவில்லை. வாசலில் நின்றுகொண்டே ஜெபித்துவிட்டு வந்தேன். அதற்குப் பிறகு அந்தக் குடும்பம் கோயிலுக்கு வரவில்லை. காணிக்கைப் பையில் பணம் குறைவது நின்றுவிட்டது என்று கமிட்டியில் எழுதிவைத்தோம். 28 வருடம் ஆகிறது. அந்தச் சட்டையும் ஊக்கும் எனக்கு மறக்கவில்லை.

விபசாரத்தில் பிடிபட்ட பெண்ணையும் இப்படித்தான் நடுவே நிறுத்தினார்கள். யோவான் 8. எல்லார் கண்ணும் அவள் மேல் இருந்தபோது, ஆண்டவர் குனிந்து தரையில் எழுதினார். என்ன எழுதினார் என்று ஆளுக்கொன்று சொல்வார்கள். எனக்கு அந்தக் கேள்வியே இப்போது வருவதில்லை. அத்தனை பேர் முறைத்துக்கொண்டிருந்த இடத்தில் அவர் ஒருவர் தம்முடைய கண்ணை அவளிடமிருந்து எடுத்துத் தரையில் வைத்தார். எல்லாரும் போனபிறகுதான் அவளிடம் பேசினார். இனிப் பாவஞ்செய்யாதே என்பதையும் அப்போதுதான் சொன்னார். நான் அந்தப் பையனிடம் கண்ணை எடுக்கவில்லை, அம்மா. சத்தமாகச் சொல்லச் சொன்னேன்.

உன் சகோதரன் உனக்கு விரோதமாய்க் குற்றம் செய்தால், அவனும் நீயும் தனித்திருக்கையில் அவனுக்கு உணர்த்து என்று மத்தேயு 18-லேயே இருக்கிறது. அண்ணனிடம் அந்த வசனத்தைக் காட்டுங்கள். அவள் உங்களிடம் ஏற்கெனவே அழுது ஒத்துக்கொண்டாள். தனிமையில் முடிந்த காரியத்தைத் திரும்ப மேடைக்குக் கொண்டுவர வேதத்தில் இடம் இல்லை.

அடுத்தது போலீஸ். போலீசுக்குப் போவது பாவம் என்று நான் சொல்லமாட்டேன். 1999 ஜனவரியில் ஒடிசாவின் மனோகர்பூர் கிராமத்தில், ஜீப்புக்குள் தூங்கிக்கொண்டிருந்த ஆஸ்திரேலிய மிஷனரி கிரகாம் ஸ்டெயின்ஸையும், 10 வயது பிலிப், 6 வயது தீமோத்தேயு என்கிற அவருடைய இரண்டு மகன்களையும் உயிரோடு எரித்தார்கள். அவர் மனைவி கிளாடிஸ் கொலைகாரர்களை மன்னிப்பதாக உலகமறியச் சொன்னார். சொன்னதோடு நிற்காமல், பாரிப்படாவில் கணவர் பார்த்துவந்த தொழுநோயாளிகளை விட்டுப் போகாமல் அங்கேயே இருந்து வேலையைத் தொடர்ந்தார். 2005-ல் அரசு அவருக்குப் பத்மஸ்ரீ கொடுத்தது. ஆனால் வழக்கு நின்றுவிடவில்லை. விசாரணை நீதிமன்றம், உயர் நீதிமன்றம், உச்ச நீதிமன்றம் என்று நடந்தது. முக்கியக் குற்றவாளிக்கு ஆயுள் தண்டனை 2011-ல் உறுதியானது. அவர் மன்னித்ததால் சட்டம் நிற்கவும் இல்லை, சட்டம் நடந்ததால் அவருடைய மன்னிப்பு பொய்யாகவும் இல்லை. "நியாயஞ்செய்து, இரக்கத்தைச் சிநேகித்து" என்று மீகா தீர்க்கதரிசி இரண்டையும் ஒரே மூச்சில்தானே சொல்கிறார்.

ஆனாலும் உங்கள் விஷயத்தில் போலீஸ் வேண்டாம் என்றே சொல்வேன். அவள் ஒத்துக்கொண்டாள். எவ்வளவு என்பதிலும் உங்களுக்குள் தகராறு இல்லை. கடை வேலையாள் திருடினால் ஏழு வருடம் வரை சிறை கொடுக்கச் சட்டத்தில் இடம் உண்டு. வழக்கு என்று ஆனால், தீர்ப்பு எப்படி வந்தாலும் எந்தக் கடையும் அவளைச் சேர்க்காது. அந்த அப்பாவை யார் பார்ப்பது? அவள் மறுத்திருந்தாலோ, பழியை இன்னொரு பிள்ளை மேல் போட்டிருந்தாலோ, கடையில் வேறு யாருக்காவது அதனால் ஆபத்து என்றாலோ நான் வேறு மாதிரி எழுதியிருப்பேன். போலீஸ் என்கிற சொல்லை மிரட்டலாகவும் பயன்படுத்தாதீர்கள். போவதாயிருந்தால் போங்கள், போகாவிட்டால் அந்தப் பேச்சை விட்டுவிடுங்கள். தலைக்கு மேல் கத்தியைத் தொங்கவிட்டு மன்னிப்பதைவிட நேராகப் புகார் கொடுப்பது நல்லது.

பணம் திரும்பி வர வேண்டும். இதைச் சொல்ல நான் தயங்கவே மாட்டேன். வரி வசூலிக்கிற ஆயக்காரன் சகேயு வீட்டுக்கு ஆண்டவர் போனபோது, அநியாயமாய் வாங்கினதை நாலத்தனையாய், அதாவது நாலு மடங்காய், திரும்பச் செலுத்துகிறேன் என்று சகேயு எழுந்து நின்று சொன்னான். பரவாயில்லை, விடு என்று ஆண்டவர் சொல்லவில்லை. இன்றைக்கு இந்த வீட்டுக்கு இரட்சிப்பு வந்தது என்றார். திருப்பிக் கொடுப்பது அவளுக்கும் தேவை. இல்லாவிட்டால் உங்களைக் கடைத்தெருவில் பார்க்கும்போதெல்லாம் அவள் தலை குனிந்தே போக வேண்டியிருக்கும். ஆனால் சகேயு கதையில் வரிசையைக் கவனியுங்கள். முதலில் ஆண்டவர் அவன் வீட்டுக்குப் போனார். கணக்கு அதற்குப் பிறகு வந்தது. அதுவும் தொகையைச் சொன்னது சகேயுதான். அதனால் தவணை எவ்வளவு என்பதை அவளையே சொல்லச் சொல்லுங்கள். மாதம் 2,000 என்றால் 37 மாதம், 1,500 என்றால் நாலு வருடத்துக்குக் கொஞ்சம் மேலே. வட்டி வேண்டாம். அவள் 1,000 என்று சொன்னாலும் சரி என்று சொல்லுங்கள். பாதி அடைந்தபிறகு மீதியை விடலாமா என்று அப்போது ஆண்டவரிடம் கேளுங்கள், இப்போதே வாக்குக் கொடுக்க வேண்டாம்.

எழுதி வாங்கிக்கொள்ளுங்கள். எழுத்து இருந்தால் இரக்கம் கெட்டுவிடும் என்று நினைக்காதீர்கள். ஒநேசிமு என்கிற அடிமை எஜமானை விட்டு ஓடிப்போய், பவுலிடம் மனந்திரும்பியபோது, பவுல் எஜமான் பிலேமோனுக்கு எழுதினாரே, என்ன எழுதினார்? அவன் உம்மிடம் கடன்பட்டிருந்தால் அதை என் கணக்கிலே வைத்துக்கொள்ளும், பவுலாகிய நான் இதை என் சொந்தக் கையாலே எழுதினேன், நான் அதைச் செலுத்தித் தீர்ப்பேன் என்று எழுதினார். புதிய ஏற்பாட்டுக்குள் ஒரு புரோநோட் இருக்கிறது! உங்கள் சபையில் பணமிருக்கிறவர்கள் யாராவது "விட்டுருங்க" என்று இன்னொரு தடவை சொன்னால், பிலேமோன் நிருபத்தை மென்மையாக எடுத்துக் காட்டுங்கள். ஒரு பங்கை அவர்கள் தங்கள் கணக்கில் வைத்துக்கொள்ளலாமே.

வேலைக்குத் திரும்ப எடுக்க வேண்டுமா? கட்டாயமில்லை. கல்லாவில் உட்காரவைக்கவே வேண்டாம். அது அவளுக்கும் நல்லதில்லை, சோதனையை மடியில் கட்டி அனுப்புவதுபோல் ஆகும். சேலைப் பிரிவில் நிற்கட்டும் என்று உங்களுக்குத் தோன்றினால் செய்யுங்கள். தினமும் அவள் முகத்தைப் பார்க்க முடியாது என்றால் வேண்டாம், அதில் குற்றமில்லை. வேறு கடைக்காரர் உங்களிடம் விசாரித்தால் பொய் சொல்லாதீர்கள். விசாரிக்காதவரிடம் நீங்களாகப் போய்ச் சொல்லவும் செய்யாதீர்கள்.

அவள் அப்பா விஷயத்தில் ஒரு தகவல். தூத்துக்குடியிலும் திருநெல்வேலியிலும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் டயாலிசிஸ் உண்டு. முதலமைச்சரின் விரிவான மருத்துவக் காப்பீட்டுத் திட்டத்திலும் டயாலிசிஸ் வருகிறது. தனியார் இடத்தில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள் என்றால், அவர்களிடம் அந்த அட்டை இருக்கிறதா என்று கேளுங்கள். வருமானச் சான்று, ரேஷன் கார்டு என்று அலைய வேண்டியிருக்கும். அந்த அலைச்சலுக்கு ஆயரிடம் சொல்லி வாலிபர் சங்கத்துப் பையன் ஒருவனைக் கூட அனுப்பலாம். சங்கத்து அம்மாமார் மன்னிப்பைப் பற்றிப் பேசிய நேரத்துக்கு இதைச் செய்திருக்கலாம்.

இன்னொன்றும் கேட்கிறேன், வருத்தப்படாதீர்கள். அவள் சம்பளம் எவ்வளவு என்று நீங்கள் எழுதவில்லை. அப்பாவுக்குச் சிறுநீரகம் போன விஷயம் அவள் திருடிப் பிடிபட்ட பிறகுதான் உங்களுக்குத் தெரியவந்ததுபோல் தெரிகிறது. மகள் மாதிரி என்று எழுதியிருக்கிறீர்கள். அது உண்மை என்றே நம்புகிறேன். ஆனால் மகள் மாதிரி இருந்தவள் எட்டு மாதம் உங்களிடம் வந்து வாய் திறந்து கேட்க முடியாமல், பில்லை கேன்சல் செய்கிற இடத்துக்குப் போயிருக்கிறாள். கேட்டால் என்ன ஆகும் என்று பயந்தாளோ தெரியாது. அவள் செய்ததற்கு இது நியாயம் ஆகாது. கடையில் இப்போது நிற்கிற மற்றப் பிள்ளைகளுக்காகச் சொல்கிறேன். கடைகளில் வேலை செய்கிறவர்கள் உட்கார இருக்கை வைக்க வேண்டும் என்று தமிழ்நாட்டில் 2021-ல் சட்டமே போட்டார்கள். காலையிலிருந்து ராத்திரி வரைக்கும் நிற்கிற பிள்ளைக்கு ஒரு ஸ்டூல் போட, சிலுவைப் படம் மாட்டியிருக்கிற கடைகளுக்கும் சட்டம் வர வேண்டியிருந்ததே என்று எனக்கு அன்றைக்கு மனது ரொம்பக் கஷ்டப்பட்டது. உங்கள் கடையில் ஸ்டூல் இருக்கும் என்று நம்புகிறேன். மாதம் ஒரு தடவை ஒவ்வொரு பிள்ளையிடமும் வீட்டு நிலவரம் கேளுங்கள். அவசரத்துக்கு அட்வான்ஸ் உண்டு, கேட்டால் திட்டமாட்டேன் என்று எல்லாருக்கும் தெரியும்படி சொல்லிவையுங்கள்.

கடைசியாக, கிறிஸ்தவளே இல்லையா என்று கேட்டிருந்தீர்கள். நாலாம் நூற்றாண்டில் ரோமைப் பழைய தெய்வங்களிடம் திருப்பப் பார்த்த ஜூலியன் என்று ஒரு பேரரசன் இருந்தான். கிறிஸ்தவர்களை அவனுக்குப் பிடிக்காது. அவனே தன்னுடைய பூசாரி ஒருவருக்கு எழுதிய கடிதத்தில், இந்தக் கலிலேயர்கள் (கிறிஸ்தவர்களை அப்படித்தான் சொல்வான்) தங்கள் ஏழைகளோடு நம்முடைய ஏழைகளையும் ஆதரிக்கிறார்களே என்று புலம்பினான். அவன் நம்முடைய ஜெபத்தைக் கேட்டு நம்மை அடையாளம் கண்டுகொள்ளவில்லை. யாருக்குச் சோறு போனது என்பதைப் பார்த்துக் கண்டுகொண்டான். இரக்கஞ்செய்யாதவனுக்கு இரக்கமில்லாத நியாயத்தீர்ப்புக் கிடைக்கும் என்று யாக்கோபு எழுதியது பயமாகத்தான் இருக்கிறது, அதை நான் உங்களுக்காகக் குறைத்துச் சொல்ல முடியாது. ஆனால் இரண்டு மாதமாகத் தூங்காமல் இந்தக் கேள்வியைச் சுமந்துகொண்டு எனக்குக் கடிதம் எழுதுகிறவர் இரக்கஞ்செய்யாதவர் இல்லை. எங்கே ஆரம்பிப்பது என்று தெரியாமல் நிற்கிறவர், அவ்வளவுதான்.

சனிக்கிழமை ராத்திரி கடையைப் பூட்டியபிறகு போங்கள். மகனைக் கூட்டிப்போக வேண்டாம், சாவியை மட்டும் அவனிடமிருந்து வாங்கிக்கொள்ளுங்கள். சர்டிபிகேட்டுகளை எண்ணிப் பாருங்கள், பத்தாவது, பன்னிரண்டாவது, டிகிரி இருந்தால் அதுவும், ஒன்றும் விட்டுப்போகக் கூடாது. சம்பளத்தைத் தனிக் கவரில் போடுங்கள். 74,000 பற்றி அன்றைக்குப் பேச வேண்டாம், அடுத்த வாரம் பேசிக்கொள்ளலாம் என்று சொல்லுங்கள். போய் வாசலுக்கு வெளியே நில்லுங்கள். அவள் கூப்பிட்டால் உள்ளே போங்கள்.